உப்புப் பார்த்தவள்

மார்ச் 4, திங்கள்

அன்பு மகளுக்கு,

நேற்று ஏழு மணிக்குச் சாப்பாட்டு மேசையில் இருந்தவர்கள்: ஜன்னல் பக்கம் உன் அண்ணன், பக்கத்தில் உன் அண்ணி, அவர்கள் மகள், எதிரே நீ, உன் புருஷன். ஆறாவதாக நான், வழக்கம்போல் நின்றுகொண்டு.

கோழியை வெண்ணெயில் வதக்கி, உருளைக்கிழங்கும் பாலும் சேர்த்து, கரண்டியில் ஒட்டுகிற அளவுக்குச் சுண்டவைத்தேன். பிரஷர் வந்த நாளிலிருந்து எனக்கு உப்பில்லாக் கஞ்சிதான். உப்புப் பார்க்கிறது நீ. கரண்டியை நீட்டினேன். உள்ளங்கையில் விட்டு நக்கிவிட்டு, "கரெக்டா இருக்கும்மா" என்றாய். எல்லாரும் தட்டை வழித்துச் சாப்பிட்டீர்கள். நாலு ஜாடித் தண்ணீர் தீர்ந்தது. புழுக்கம் என்று நினைத்தேன்.

மீதியை இன்று கீழ்வீட்டுத் தையல்காரிக்குக் கொடுத்தேன். பாத்திரத்தோடு படியேறி வந்துவிட்டாள். "கோவிச்சுக்காதீங்கம்மா, வாயில வைக்க முடியல. உப்பு மூட்டை எதுவும் தவறி விழுந்துடுச்சா?"

நீ பார்த்தபின் அடுப்படிக்குள் போனவள் உன் அண்ணி ஒருத்திதான். மூடி திறந்த சத்தம் கேட்டேன். பதினாறு வருஷத்துக்கு முன் அவள் சுட்ட கேக்கைச் செங்கல் என்றேன். இப்போது பழி தீர்த்துக்கொண்டாள். உன் அண்ணனிடம் கேட்கத்தான் போகிறேன். முதலில் உனக்கு எழுதினேன்.

பதில் போடு.
அம்மா

மார்ச் 9, சனி

அன்புள்ள அம்மா,

அண்ணனிடம் கேட்டுவிடாதே. அண்ணி போனது இன்னும் கொஞ்சம் உருளைக்கிழங்கும் பாலும் போட. உப்பைக் குறைக்குமே என்று. நீதான் மறந்துபோய் இரண்டு தடவை உப்புப் போடுகிறாய். நவம்பரிலிருந்தே இப்படித்தான் அம்மா. யாரும் எதுவும் சொல்லக்கூடாதென்று நான்தான் எல்லாரிடமும் சொல்லிவைத்தேன். "அத்தைகிட்ட சொல்லிடலாமே, பின்னாடி தெரிஞ்சா தாங்கமாட்டாங்க" என்றாள் அண்ணி. நான் கேட்கவில்லை.

அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையை நம்பித்தான் வாரம் முழுக்கத் தனியாக இருக்கிறாய். அதையும் நான் எப்படிப் பிடுங்குவேன்? இனி நான் சமைத்துக் கொண்டுவருகிறேன். நீ உட்கார்.

உன் மகள்

மார்ச் 13, புதன்

மகளுக்கு,

நேற்று உன் அண்ணியை வரச்சொன்னேன். அடுப்படியில் முக்காலி போட்டு உட்காரவைத்து, அதே கோழியை ஆக்கினேன். இரண்டாம் தடவை உப்பு டப்பாவுக்குக் கை போனது. "அத்தே, போட்டாச்சு" என்றாள். கையை எடுத்துக்கொண்டேன். இரண்டே வார்த்தை. உனக்கு அது வாயில் வரவில்லை.

பதினேழு ஞாயிறு உன்னிடம் கரண்டியை நீட்டியிருக்கிறேன். பதினேழு தடவையும் "கரெக்டா இருக்கும்மா". நீங்கள் போனபின் பாத்திரம் கழுவும்போது அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்வேன். யாருமில்லாத வீட்டில் ஆறு நாளை அதை வைத்துத்தான் தள்ளினேன். குறை சொன்னால் தாங்காது என்று என்னைச் செத்தவர்களோடு சேர்த்துவிட்டாய்.

சமைத்துக் கொண்டு வராதே. நீயும் வராதே. உன் புருஷனை அனுப்பு, சாப்பிடட்டும். அத்தனை உப்பையும் இரண்டாம் தடவை கேட்டு வாங்கித் தின்றவன், பாவம், அவனை விட்டுவிட்டேன். சிரித்துக்கொண்டே விழுங்கிய உன் அண்ணனையும் விட்டுவிட்டேன். பேத்தி வாய் திறந்தபோது மேசைக்கடியில் கிள்ளியது அவள் அம்மாதான் என்று தெரியும், அதையும் விட்டேன். உன் அண்ணியிடம் நான்தான் மன்னிப்புக் கேட்டேன்.

கண் மூடுகிறவரை மன்னிக்காதது ஒருத்தியைத்தான். நான் பெற்ற மகளை. உன்னை.