பேர் வெட்டின உருளி

சாலை, திருவனந்தபுரம்
அக்டோபர் 11, சனிக்கிழமை

அன்புள்ள பேத்தி ஷாலுவுக்கு ஆச்சி உலகம்மாள் எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். அப்படி எழுதுவது முறை என்பதால் எழுதினேன். எனக்கு ஒரு வாரமாக வயிறு எரிகிறது. அது சாப்பாட்டினால் வந்த எரிச்சல் இல்லை.

போன் இருக்கும்போது காகிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நான் ஒன்று சொன்னால் நீ இரண்டு சொல்வாய். நடுவில் ஒரு நிமிஷம் ஆச்சி என்று வேறு யாரிடமோ பேசப் போய்விடுவாய். காகிதம் என்றால் கடைசி வரைக்கும் படித்துத்தான் ஆகவேண்டும். ஸ்பீட் போஸ்டில் அனுப்புகிறேன், ரசீது என்னிடம் இருக்கிறது, வரவில்லை என்று சொல்லிவிடாதே. அந்த மாதிரி ஆட்களோடுதான் இப்போது எனக்குப் பிழைப்பாக இருக்கிறது.

நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன். நீ பாதிதான் கேட்டாய், பாதி கேட்டுக்கொண்டே தீர்ப்பும் சொல்லிவிட்டாய்.

உன் தாத்தா கடையை ஒழித்தபோது மிஞ்சின பாத்திரங்களை மாடிவீட்டு சபீனா படம் எடுத்து இன்டர்நெட்டில் நம் விற்பனைப் பக்கத்தில் போடுகிறாள். தையல் வேலைக்கு நடுவில் பார்சலும் அவள்தான் கட்டுகிறாள். விற்கிறதில் அவளுக்கு ஒரு பங்கு உண்டு. இரண்டு வருடமாக என் கைச்செலவு அதில்தான் ஓடுகிறது. உன் அப்பனிடம் இதுவரை ஒரு ரூபாய் கேட்டதில்லை, இனியும் கேட்பதாக இல்லை.

ஆகஸ்டில் கோயம்புத்தூரிலிருந்து ஹரிநாராயணன் என்று ஒருவன் வெண்கல உருளியின் படத்தைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டான். தங்கைக்குக் கல்யாணமாம், சீர் வரிசையில் வைக்க வேண்டுமாம். வாய்க்கு வாய் அம்மா அம்மா என்றான். ஐந்து கிலோ இருநூறு கிராம் உருளி. கூரியர் செலவோடு பதினோராயிரத்துத் தொள்ளாயிரம் என்றேன், பேரம் பேசவில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். உருளியில் பேர் வெட்டித் தரவேண்டும் என்றான். "சே. பத்மஜா", அதன் கீழே கல்யாணத் தேதி 28-8. அப்பா பேர் சேஷன், அந்தச் சே என்று விளக்கம் வேறு சொன்னான். நான் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன்.

பழவங்காடியில் பூதலிங்கத்திடம் கொடுத்து வெட்டினோம். சிற்றுளியால் புள்ளி புள்ளியாக அவன் வெட்டினால் விளிம்பில் எழுத்து வரிசை கட்டி நிற்கும். உருளி போய்ச் சேர்ந்த அன்று அந்த ஹரிநாராயணனே கூப்பிட்டு, ரொம்ப அழகா இருக்கும்மா, எங்க அம்மா கண்ணுல ஒத்திக்கிட்டாங்க என்றான். கேட்டதும் போனில்தான், புகழ்ந்ததும் போனில்தான். பணத்தை மட்டும் கார்டில் கட்டியிருந்தான்.

கல்யாணம் முடிந்து பதினோராம் நாள், கார்டுப் பணத்தை வாங்கி நமக்கு அனுப்புகிற கம்பெனியிலிருந்து மெயில் வந்தது. சபீனா படித்துவிட்டு, தையலை அப்படியே போட்டுவிட்டு இறங்கி வந்தாள். படத்தில் காட்டின உருளி வழுவழுவென்று இருந்ததாம், வந்த உருளியில் கீறலும் புள்ளியுமாக இருந்ததாம், சொன்ன பொருள் இதில்லை, பணத்தைத் திருப்பிக் கொடு என்று அவன் பாங்கில் புகார் கொடுத்திருக்கிறான். சேதம் என்று ஒரு படமும் வைத்திருக்கிறான். சபீனா போனில் பெரிதாக்கிக் காட்டினாள். சேதமும் இல்லை, மண்ணும் இல்லை. பூதலிங்கம் வெட்டின பேரின் கடைசிப் புள்ளிகள். மற்ற எழுத்து தெரியாதபடி ஓரத்தை மட்டும் பிடித்திருக்கிறான். எத்தனை தடவை எடுத்துப் பார்த்தானோ அந்தப் படத்தை.

பூதலிங்கத்திடம் இதைச் சொன்னபோது அவன் சிரிக்கவில்லை. "மைனி, அப்போ நாப்பது வருசமா நான் ஊர்ப் பாத்திரத்தையெல்லாம் கெடுத்துக்கிட்டா இருந்தேன்?" என்று கேட்டான்.

பதில் அனுப்ப ஏழு நாள் கொடுத்திருந்தார்கள். சபீனா கூரியர் ரசீதையும், அவன் வீட்டில் கையெழுத்துப் போட்டு வாங்கின காகிதத்தையும் அனுப்பினாள். அது போதும் என்றுதான் நானும் நினைத்தேன். அவன் கிடைக்கவில்லை என்று சொல்லவில்லையே, கெட்டுப்போனது கிடைத்தது என்றல்லவா சொன்னான்? கேட்ட கேள்வி ஒன்று, நாங்கள் சொன்ன பதில் வேறொன்று. இது பிறகுதான் எனக்கு உறைத்தது. போதாததற்கு அந்தப் பிள்ளை, மரியாதை என்று நினைத்து மூன்று இடத்தில் ஸாரி எழுதியிருக்கிறாள். மன்னிப்புக் கேட்கிறவளைப் படிக்கிறவன் என்னவென்று நினைப்பான்?

அக்டோபர் மூன்றாம் தேதி முடிவு வந்தது. "அம்மச்சி, பைசா போயி" என்று சபீனா வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். உருளிக் காசும் போனது, அதற்குமேல் ஐந்நூறு ரூபாய் தண்டமும் போனது. வேறு மூன்று பேர் வாங்கின பாத்திரத்தின் பணத்தையும் பிடித்து வைத்திருக்கிறார்கள். இன்னொரு தடவை பதில் சொல்ல இருபத்திரண்டாம் தேதி வரைக்கும் நேரமுண்டு. அதிலும் தோற்றால் நம் கணக்கையே மூடிவிடுவார்களாம். மூடினால் அலமாரி நிறையச் சரக்கை வைத்துக்கொண்டு நான் உன் அப்பன் முன்னால் கை நீட்டி நிற்கவேண்டும். அது நடக்காது ஷாலு. நான் இருக்கிறவரைக்கும் நடக்காது.

அவனுக்கே போன் பண்ணினேன். நாலாவது தடவை எடுத்தான். பாங்கில் முடிவு பண்ணிட்டாங்கம்மா, நான் என்ன செய்ய முடியும் என்றான். சரி, உருளியைத் திருப்பி அனுப்பு என்றேன். அதற்கு அவன் என்ன சொன்னான் தெரியுமா? "பேர் வெட்டினதை எப்படிம்மா திருப்பி அனுப்பறது?" என்றான். கொஞ்சமும் கூசாமல் சொன்னான். பாங்குக்குக் கீறல், எனக்குப் பேர். என் கையில் அப்போது அந்த உருளி இருந்திருந்தால் போனுக்குள்ளேயே எறிந்திருப்பேன்.

இந்தக் கொதிப்போடுதான் அன்றைக்கு உன்னைக் கூப்பிட்டேன். நீ பெங்களூரில் பாங்குகளுக்காக இந்த மாதிரி வழக்குகளைப் பார்த்து முடிவு சொல்கிற கம்பெனியில்தானே இருக்கிறாய், உனக்குப் புரியும் என்று நினைத்தேன். உன்னைச் சிபாரிசு செய்யச் சொல்லவில்லை. உன் கம்பெனி வேறு, அவன் பாங்கு வேறு, அது எனக்கும் தெரியும். என் ஆத்திரத்தை ஒருத்தி கேட்டால் போதும் என்று கூப்பிட்டேன். நீ என்ன கேட்டாய்? "ஆச்சி, பேர் வெட்டினது திருப்பி எடுக்க மாட்டோம்னு எங்கயெங்கிலும் எழுதியிட்டுண்டா?" என்று கேட்டாய்.

யாராவது அதை எழுதுவார்களா? சாலைக் கடைத்தெருவில் எந்தப் பாத்திரக்கடையில் எழுதி வைத்திருக்கிறார்கள்? பேர் வெட்டின பிறகு அது வாங்கினவன் வீட்டுப் பொருள். விற்கிறவனுக்கும் தெரியும், வாங்குகிறவனுக்கும் தெரியும். ஐம்பது வருடத்தில் ஒருத்தர் பேர் வெட்டின குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்து மாற்றிக் கொடு என்று கேட்டதில்லை. இதைத்தான் உன்னிடம் சொன்னேன். நீ கொஞ்சமும் யோசிக்காமல், "அப்போ அந்த சீட்ல நான் இருந்தாலும் அவருக்குத்தான் கொடுத்திருப்பேன்" என்றாய்.

கோயம்புத்தூர்க்காரன் சொன்னதைக்கூட நான் தாங்கிக்கொண்டேன். இதைத் தாங்க முடியவில்லை. ஒரு வழக்குக்கு நாலு நிமிஷம், ஒரு நாளைக்கு நூறு வழக்கு முடிக்கிறேன் என்று போன ஓணத்துக்கு வந்தபோது நீதான் பெருமையாகச் சொன்னாய். நானும் அதைத் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஒரு சொம்பு விற்பதற்கே நாங்கள் நாலு நிமிஷத்துக்கு மேல் எடுப்போம். கவிழ்த்துப் பார்ப்போம், தட்டிப் பார்ப்போம், தராசில் வைத்துக் காட்டுவோம். பன்னிரண்டாயிரம் ரூபாயையும் ஒரு மனுஷியின் பேரையும் நாலு நிமிஷத்தில் தூக்கி எறிகிற படிப்பை உனக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? நான் ஐந்தாம் வகுப்பு. நீ எம்.பி.ஏ. அந்தப் படத்தைப் பார்த்ததும், ஏன் இவ்வளவு கிட்டத்தில் எடுத்திருக்கிறான், முழு உருளியைக் காட்டச் சொல் என்று எனக்குக் கேட்கத் தோன்றியது. அந்த நாற்காலியில் இருந்தவருக்குத் தோன்றவில்லை. உனக்கும் தோன்றவில்லை.

சரி. நீ சொன்னதில் ஒன்று மட்டும் நியாயம், அதை மறைக்கமாட்டேன். நம்மைத் தெரிந்தவனுக்கு விற்கிறபோது வாய்ச்சொல் போதும். முகம் தெரியாதவனுக்கு விற்கிறபோது எழுத்து வேண்டும். அதைச் செய்யாதது என் தப்பு, சபீனாவின் தப்பு இல்லை. இப்போது எல்லாம் மாற்றிவிட்டேன். பேர் வெட்டினால் திரும்ப எடுக்கமாட்டோம் என்று பக்கத்தின் தலையிலேயே பெரிதாகப் போட்டாயிற்று. என்ன பேர் என்பதைப் போனில் சொன்னால் ஏற்பதில்லை, அவர்களே எழுதி அனுப்பவேண்டும். வெட்டி முடித்ததும் படம் அனுப்பி, சரி என்று அவர்கள் எழுதின பிறகுதான் பெட்டியில் வைக்கிறோம். தராசில் எடை தெரிவதிலிருந்து பெட்டியை ஒட்டி விலாசச் சீட்டு போடுகிற வரைக்கும் சபீனா நிறுத்தாமல் ஒரே வீடியோவாக எடுக்கிறாள். நடுவில் நான் இருமினால்கூட அதில் கேட்கிறது.

இந்த வாரம் மார்த்தாண்டத்திலிருந்து ஜெபமலர் என்று ஒருத்தி குத்துவிளக்கு கேட்டாள். பேரை எழுதி அனுப்பு என்றதும், என்ன ஆச்சி, என் வாயில நம்பிக்கை இல்லியா என்று கேட்டாள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. வாங்க வருகிறவளிடம் கையெழுத்துக் கேட்கிற நிலைக்கு என்னைக் கொண்டுவந்துவிட்டான் பாவி. ஆனாலும் விடவில்லை, எழுதினால்தான் விளக்கு என்றேன். பத்து நிமிஷம் கழித்து எழுதி அனுப்பினாள், கூடவே ஒரு கோப முகமும் போட்டிருந்தாள். அந்தக் கோப முகத்தையும் அழிக்காமல் வைத்திரு என்று சபீனாவிடம் சொல்லிவிட்டேன். அதுவும் ஒரு சாட்சிதானே.

இது இனி வரப்போகிற வியாபாரத்துக்கு. போன உருளிக்கு என்ன வழி என்று மூன்று நாள் யோசித்தேன். நேற்றுக் காலை உலையில் அரிசி போடும்போது கிடைத்தது. சபீனாவை மாடியிலிருந்து இறங்கி வரச்சொல்லி, அவன் ஆர்டர் போட்ட காகிதத்தில் என்னென்ன இருக்கிறது என்று வரி வரியாகப் படிக்கச் சொன்னேன். அவன் பேர் ஹரிநாராயணன். விலாசம், போன் நம்பர், கார்டின் கடைசி நாலு எண். அவ்வளவுதான். பத்மஜா என்ற பேர் எங்கேயும் இல்லை. சேஷனும் இல்லை. கல்யாணத் தேதியும் இல்லை. அப்படியானால் எனக்கு அந்தப் பேர் எப்படித் தெரியும்? அவன் தங்கை பேரையும், அப்பா பேரின் முதலெழுத்தையும், முகூர்த்தத் தேதியையும் நான் கனவிலா கண்டேன்? அவன் சொல்லாமல் எனக்குத் தெரிந்திருக்க வழியே இல்லை. பெட்டி கட்டுவதற்கு முன்னால் சபீனா தன் மாதிரிக்கென்று எடுத்து வைத்த படம் ஒன்று இருக்கிறது. அதில் முழுப் பேரும் தேதியும் தெளிவாகத் தெரிகிறது. அந்தப் படத்தையும் அவன் அனுப்பின ஓரப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், புள்ளிக்குப் புள்ளி எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம். அவன் கூப்பிட்ட நாளும் நேரமும் போனில் இருக்கிறது, அதையும் எடுத்து வைத்தாயிற்று. முதல் தடவையே இதை அனுப்பியிருக்க வேண்டும். எங்களுக்கு அது பேர். அதைக் கீறல் என்று ஒருவன் நம்புவான் என்று தோன்றவே இல்லை.

பதிலை நானே தமிழில் எழுதியிருக்கிறேன், இந்தக் கவருக்குள் தனித்தாளில் இருக்கிறது. அதை இங்கிலீஷில் எழுத எனக்கு இங்கே ஆள் இல்லை. சபீனா எழுதினால் மறுபடியும் ஸாரி வந்துவிடும். உன் அப்பனிடம் கொடுக்கமாட்டேன். நீதான் எழுதித் தரவேண்டும். என்ன கேட்டால் அந்த நாற்காலிக்காரர்கள் நின்று படிப்பார்கள், எதைப் படிக்காமல் தள்ளுவார்கள் என்பது உனக்குத்தானே தெரியும். பாவம் கிழவி என்று எழுதாதே. ஐந்தாம் வகுப்பு என்றும் எழுதாதே. நீயே உட்கார்ந்து படித்தாலும் எனக்குக் கொடுக்கத் தோன்றுகிற மாதிரி எழுது. அது போதும்.

இன்னொன்று. அன்றைக்குப் பேசிக்கொண்டிருக்கும்போது லைன் போய்விட்டது என்று நீ நினைத்திருப்பாய். லைன் போகவில்லை, நான்தான் வைத்தேன். அதற்குப் பிறகு நீ இரண்டு தடவை கூப்பிட்டதும் தெரியும், போனைப் பார்த்துக்கொண்டேதான் உட்கார்ந்திருந்தேன். எழுதி முடித்ததும் எனக்கு ஒரு தடவை தமிழில் படித்துக் காட்டு. எடுக்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. வழக்குப் படங்களைப் பார்த்துப் பார்த்துக் கண் கெடாமல் பார்த்துக்கொள். பழவங்காடிப் பிள்ளையார் உன் கண்ணிலும் விரல் நுனியிலும் கூடவே இருக்கட்டும்.

உன் பேரைத் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிற
ஆச்சி
கோ. உலகம்மாள்