அசுவினிக்குப் பலித்த மருந்து

கையைப் பலமுறை கழுவியும் விரல்களில் பூண்டு நெடி போகவில்லை. நேற்று மாலை இஞ்சி, பூண்டு, பச்சைமிளகாய் மூன்றையும் அரைத்துச் சோப்புத் தண்ணீரில் கரைத்து, வடிகட்டி, உங்கள் கொடிக்குத் தெளித்தேன். கண் கலங்கியது. மிளகாயின் காரம் மட்டுமே அதற்குக் காரணம் என்று உறுதியாகச் சொல்ல இயலவில்லை.

உங்கள் வீட்டை விற்கும் முன் உங்கள் மனைவி செல்வி பெயர்த்துக் கொடுத்த வேர்த்துண்டு, மான்மவுத் ஜங்ஷன் என்ற இந்த அமெரிக்க ஊரில் என் வேலி முழுவதும் ஏறிவிட்டது. பீருக்குக் கசப்பும் மணமும் தரும் அந்த ஹாப்ஸ் கொடியில் மறுபடியும் அசுவினி. இலைகளின் அடிப்புறமெங்கும் பச்சைப் பூச்சிகள், தொட்டால் பிசுபிசுப்பு.

முதன்முறை அது உங்கள் தோட்டத்திற்கு வந்தபோது நான் கடையிலிருந்து பூச்சிமருந்து வாங்கி வந்தேன். நீங்கள் டப்பாவைத் தொடவே இல்லை.

"ஏனுங்க வக்கீலே, நாம காய்ச்சிக் குடிக்கறதுங்க இது. விசத்தை அடிக்கச் சொல்றீங்களா?"

இந்தியக் கடைகள் வரிசையாக இருக்கும் ஓக் ட்ரீ ரோட்டுக்குப் போய்ப் பூண்டு வாங்கி வந்து கரைசல் தயாரித்தீர்கள். கராஜ் முழுவதும் ரசம் கொதித்த வாசனை. சில நாள்களில் பூச்சிகள் உதிர்ந்தன.

"பாத்தீங்களா, கேஸ் முடிஞ்சுது. அப்பீலே கெடையாது!"

நானும் சிரித்தேன். அந்த ஆண்டு நீங்கள் வீட்டில் காய்ச்சிய பீர் நன்றாகவே இருந்தது.

அடுத்த வசந்தத்தில் உங்கள் குடலில் கட்டி இருப்பதாகச் சொன்னார்கள். ஆரம்ப நிலை, அறுவை சிகிச்சை, பிறகு கீமோ என்றார் மருத்துவர். நீங்கள் என் சமையலறையில் உட்கார்ந்து காபியை ஆற்றிக்கொண்டே சொன்னீர்கள்: "கீமோன்னா என்னங்க? பூச்சிமருந்துதானுங்க. கொடிக்கே அடிக்கல, எனக்கு அடிச்சுக்குவனா?"

யாரோ ஒருவருடைய வீடியோவைப் பார்த்துக் கஷாயம் குடிக்கத் தொடங்கினீர்கள்.

"செடி கேஸ் வேற சார், உங்க கேஸ் வேற. அதை வச்சு இதை டிசைட் பண்ணாதீங்க" என்றேன்.

"பயமுறுத்தறதுக்குன்னே படிச்சுட்டு வந்திருக்கீங்க" என்று சிரித்தீர்கள். வாசலில் செல்வி என்னை நிறுத்தி, "அண்ணா, நீங்க சொன்னாலாச்சும் கேப்பாருங்கண்ணா" என்றார். சொன்னேன். ஒவ்வொரு வாரமும் சொன்னேன். நீங்கள் சம்மதித்தபோது நோய் கல்லீரலுக்குப் பரவியிருந்தது. இனி அறுப்பதில் பயனில்லை என்றுவிட்டார் மருத்துவர்.

அறுவை சிகிச்சை உங்களை நிச்சயம் காப்பாற்றியிருக்கும் என்று நான் சொல்லமாட்டேன். அதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை. ஒரு வாய்ப்பு இருந்தது, அதை நீங்கள் மறுத்தீர்கள் என்பது மட்டும் ஐயத்துக்கு இடமற்றது. இரங்கல் கூட்டத்தில் எல்லோரும் விதி என்றார்கள். செல்வி தலை நிமிரவில்லை. எனக்கு உங்கள்மேல் அன்றிருந்த கோபம் இன்னும் தணியவில்லை, சார். தணிய வேண்டும் என்று நான் விரும்பவும் இல்லை.

இன்று காலை இலைகளைத் திருப்பிப் பார்த்தேன். பூச்சிகள் உதிரத் தொடங்கியிருந்தன. மருந்து இப்போதும் பலிக்கிறது. அந்த முதல் முறை அது பலிக்காமலே போயிருக்கக் கூடாதா, சார்? ஒரு கொடி பட்டுப்போயிருக்கும், அவ்வளவுதான்.