ரெண்டு கொக்கியும் மிச்சம்

இராஜபாளையம்
28-8-87

அன்பு மகன் சுயம்புலிங்கத்துக்கு அம்மா எழுதுறது. இங்க நாங்க எல்லாரும் சுகம். அங்க மஸ்கட்டுல உன் ஒடம்பும் சாப்பாடும் தூக்கமும் ஒழுங்கா இருக்கணும்னு மாரியம்மனைக் கும்பிட்டுட்டுத்தான் பேனாவைத் தொட்டேன். சுகம்னு எழுதிட்டேனே தவிர எம் மனசு ஒரு எடத்துல உக்கார மாட்டேங்குது. ரெண்டு வரி எழுதுறதும் எந்திரிச்சு நடக்குறதுமா இருக்கேன், கையெழுத்து கோணலா இருந்தா ஒடம்புக்கு ஏதோன்னு நெனச்சுப் பயந்துராத. உனக்குப் பாத்த பொண்ணு விசயமா தரகர் வந்துட்டுப் போனாரு, இப்ப எனக்கு அதுல புத்தி போகல.

போன கடுதாசியில அப்பா செயின் டிராக்டர், சக்கரத்துக்குப் பதிலா இரும்புச் செயின்ல ஊர்ந்து மண்ணு தள்ளுற வண்டி, வாங்கப் போறாவன்னு எழுதியிருந்தேன்ல, வாங்கிட்டாவ. ஒண்ணு இல்ல, ரெண்டு. மேல எஸ்டேட்டுல வெள்ளைக்காரன் காலத்துல இருந்து கெடந்த வண்டி, ரெண்டும் ஒரே கம்பெனி, ரெண்டும் ஓடாது. ரெண்டையும் பிரிச்சு ஒரு வண்டியாக்கி மேடு திருத்த வாடகைக்கு விடலாம்னு அப்பா நெனப்பு. மலைப்பாதையில முழுசா எறக்க முடியாதுன்னு அங்கேயே கழட்டி, சாமானையெல்லாம் சாக்குல கட்டி லாரியில கொண்டாந்து நம்ம ஷெட்டுல கொட்டினாவ. எது எங்க இருந்து கழட்டினதுன்னு ஒருத்தருக்கும் தெரியல. நம்ம லாரி மெக்கானிக் ஆண்டிச்சாமிதான் பொருத்தினான். நான் மண்ணெண்ணெய்ச் சட்டியை வச்சுக்கிட்டு ஒவ்வொண்ணாக் கழுவிக் குடுத்தேன், எந்நேரமும் கையில அந்த வாடைதான், சோத்துல கை வைக்க முடியல. கடைசியில வண்டி கிளம்பிருச்சு. உந் தம்பி பால்பாண்டி ஏறி ஓட்டினான் பாரு, தெருவே வந்து நின்னுச்சு. அப்பா முகத்துல அப்படி ஒரு சிரிப்பைப் பாத்து வருசமாச்சு.

வண்டியில ஏறினது போக மிச்சச் சாமான் ஒரு குமியாக் கெடந்துச்சு. ரெண்டு வண்டியில ஒரு வண்டி செஞ்சா மிச்சம் வரத்தானே செய்யும்னு விட்டுட்டாவ. வண்டியும் செண்பகத்தோப்புப் பக்கம் ஒரு மாந்தோப்புக்கு வேலைக்குப் போயிருச்சு, ஓட்டப் போனது பால்பாண்டிதான். நான் அந்தக் குமியை ஒதுங்க வைக்கலாம்னு உக்காந்தேன். இதுக்கு ஜோடி வண்டியில ஏறியிருக்கு, இதுக்கும் ஏறியிருக்குன்னு ஒவ்வொண்ணா எடுத்து வச்சுக்கிட்டே வாரேன், கழுவினவ நான்தானே, கைக்கு ஞாபகம் இருக்கு. அதுல ஒரு கொக்கி, கிளி மூக்கு மாதிரி வளைஞ்சு, பின்னாடி ஆணி போற ஓட்டை வச்சு, உள்ளங்கை நீளம். அதை எடுத்து வச்ச செத்த நேரத்துல அதே மாதிரி இன்னொண்ணு கைக்கு வருது. வண்டி ரெண்டு, கொக்கி ரெண்டு. ரெண்டும் கீழ கெடந்தா ஓடுற வண்டியில என்ன இருக்கு? அப்பாகிட்டக் கேட்டா, கயிறு மாட்டி இழுக்குற கொக்கியா இருக்கும், வண்டிதான் ஓடுதே, உனக்கு வேற சோலி இல்லையான்னாவ. ஆண்டிச்சாமி திருப்பிப் பாத்துட்டு, தெரியலக்கா, லாரியில இப்படி ஒண்ணு கெடையாதுன்னான். ஆளாளுக்குப் போயிட்டாவ. எனக்கு மட்டும் அடுப்புல நின்னாலும் அது, படுத்தாலும் அது.

மறுநாள் விடியவும் ஒரு கொக்கியை ஒயர் கூடையில போட்டு மேல துண்டை மூடி, ஆண்டாளைக் கும்பிட்டுட்டு வாரேன்னு அப்பாகிட்டச் சொல்லிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறிட்டேன். அங்க கோயிலுக்குப் பக்கத்துத் தெருவுல சாரங்கபாணின்னு ஒருத்தர், அரசாங்க புல்டோசர் ஓட்டி ரிட்டையர் ஆனவர், இருக்காருன்னு நம்ம பஜார் பழைய இரும்புக் கடைக்காரர் சொல்லியிருந்தாரு. வீட்டம்மா கோதைநாயகி மோர் குடுத்தாவ, அதை ஓரமா வச்சுட்டுக் கூடையைத் தொறந்தேன். அவரு கொக்கியை வாங்கிப் பாத்தாரு, முதல்ல அவருக்கும் பிடிபடல. நான் ஓட்டினது வேற கம்பெனி, இது என்னன்னு தெரியலையேம்மான்னாரு. சரின்னு எந்திரிச்சேன். அவரு விடல, கொக்கி மூக்கோட உள்பக்கம் மட்டும் தேஞ்சு பளபளன்னு இருந்த எடத்தைப் பெருவிரலால தடவிக்கிட்டே இருந்தாரு. பொறவு நாற்காலியில இருந்தபடியே வலது காலை நீட்டி எதையோ மிதிக்கிற மாதிரி மிதிச்சாரு. அப்பவே முகம் மாறிருச்சு. அம்மா, இது பிரேக் பெடலை மிதிச்சு, அது திரும்ப எழும்பாம மாட்டி வைக்கிற நாக்கு, இது இல்லன்னா நிறுத்தின வண்டி நிக்காது, இப்ப வண்டி எங்கன்னாரு. செண்பகத்தோப்பு மேட்டுலன்னேன். சட்டையைக் கையில எடுத்துக்கிட்டு வாசலுக்கு வந்துட்டாரு.

வாடகைக் கார் பிடிச்சுப் போனோம். வழியெல்லாம் நான் ஒரு சாமியை விடல. தோப்புக்குள்ள எறங்கிப் பாத்தா வண்டி சரிவுல மூக்கைக் கீழ பாக்க வச்சு நிக்குது. அணைச்சா மறுபடி கிளப்பக் கஷ்டம்னு இஞ்சினை ஓட விட்டிருக்கான். செயினுக்கு முன்னால முட்டுக்கு ஒரு கல்லு, முதல் நாள் மழையில ஈரமான மண்ணு, கல்லு முக்காவாசி உள்ள எறங்கிருச்சு. அந்தக் கல்லுக்கு முன்னாடி, மண் தள்ளுற பிளேடுக்கும் செயினுக்கும் நடுவுல உந் தம்பி மல்லாக்கப் படுத்து ஸ்பானரால எதையோ முறுக்கிக்கிட்டுக் கெடக்கான். நான் கத்தினது எனக்கே கேக்கல. சாரங்கபாணி பின்பக்கமா ஏறி சீட்டுல உக்காந்து ரெண்டு காலாலயும் பெடலை அழுத்திப் பிடிச்சுக்கிட்டு என்னைப் பாத்துத் தலையை ஆட்டினாரு. நான் போயி இவன் கையைப் பிடிச்சுத் தரதரன்னு இழுத்தேன். என்னம்மா நீ, கல்லு வச்சிருக்கேன்லன்னு என்மேலயே எரிஞ்சு விழுதான். சாரங்கபாணி எல்லாரையும் தள்ளி நிக்கச் சொல்லிட்டுக் காலை லேசா, இம்புட்டுத்தான், தூக்கினாரு. வண்டி கல்லை அமுக்கிட்டு முன்னால ஊர்ந்துச்சு. உடனே மிதிச்சு நிறுத்திட்டாரு. அதுக்குள்ள அவன் தலை வச்சுக் கெடந்த எடத்துல செயின் ஏறிருச்சு, போட்டுட்டு வந்த ஸ்பானர் மண்ணுக்குள்ள போயிருச்சு. பால்பாண்டி முதல்ல சிரிச்சான். பொறவு மாமரத்தைப் பிடிச்சுக்கிட்டு வாந்தி எடுத்தான். நான் அங்கேயே மண்ணுல உக்காந்துட்டேன்.

அன்னைக்கே ஆண்டிச்சாமியை வரச் சொல்லிக் கொக்கியை மாட்டியாச்சு, இப்ப வண்டி எந்த மேட்டுலயும் நிக்குது, வீட்டுக்கும் கொண்டாந்தாச்சு. இதோட நிம்மதியா இருக்கலாம்ல, முடியல ராசா. குமியை முழுசாப் பிரிச்சுப் பாத்தா, ரெண்டும் கீழ கெடக்குற சாமான் இன்னும் ரெண்டு வகை இருக்கு. ஒண்ணு மூணு ஓட்டை போட்ட மூடி, இன்னொண்ணு ஒரு பக்கம் மட்டும் பல் வச்ச வளையம். சாரங்கபாணிக்கும் தெரியல. பேப்பர்ல வச்சு ஓரம் பிடிச்சுப் பென்சிலால நேத்தே கோடு போட்டு இதோட வச்சிருக்கேன். மூடி மேல வார்ப்புல இருக்குற எழுத்தையும் நம்பரையும் பேப்பர் வச்சுத் தேச்சு எடுத்திருக்கேன், ஒரு எழுத்து துருவுல போயிருச்சு. உன் கம்பெனி யார்டுல இந்த மாதிரி வண்டியோட புழங்கின ஆள் யாரு இருந்தாலும் காட்டிக் கேளு. தெரியலன்னா தெரியலன்னே எழுது, அம்மா மனசு ஆறட்டும்னு எதையாவது சொல்லி வைக்காத.

செட்டியார்பட்டியில ஒருத்தர் தரிசு திருத்த வண்டி கேட்டு ஆள் விட்டுக்கிட்டே இருக்காரு. பால்பாண்டி நான் போறேன், போறேன்னு நிக்கான், பயந்துட்டான்னு ஊர்ல சொல்லிருவாங்கன்னு அவனுக்கு. நான் கூடாதுன்னு சொல்லிச் சொல்லி வாய் ஓஞ்சு போச்சு. அப்பா அந்த நாள்ல இருந்து எங்கிட்டச் சரியாப் பேசல, எம் மேல கோவமா என்னன்னு தெரியாமத் தவிச்சேன். இன்னைக்குக் காலையில பாத்தா அப்பாவைக் காணோம், அந்த மூடியும் வளையமும் காணோம். டீக்கடை கண்ணுச்சாமி வந்து சொல்லுதாரு, பஸ் ஸ்டாண்டுல பாத்தேன், மதுரையில பழைய புல்டோசர் ரிப்பேர் பாக்குற எடம் எங்க இருக்குன்னு கண்டக்டர், டிரைவர், பக்கத்து சீட்டுன்னு எல்லார்கிட்டயும் கேட்டுக்கிட்டுப் போறாருன்னு. ஊருக்குப் புதுசாப் போனாக்கூட வழி கேக்க வாயைத் தொறக்காத மனுசன். ஷெட்டுக்குப் போனேன். அங்க பால்பாண்டி வண்டியைச் சுத்திச் சுத்தி வந்து எதையோ தேடுதான். இஞ்சினைச் சுத்திக் கிளப்புற இரும்புக் கைப்பிடி, அது இல்லாம அந்த வண்டியை யாராலயும் கிளப்ப முடியாது, அதையும் அப்பா பையில போட்டு மதுரைக்குத் தூக்கிட்டுப் போயிட்டாவ.

நீ எங்க நின்னாலும் அம்மன் உன் முன்னாடி நிப்பா, ஒரு குறையும் வராது, நல்லா இருப்ப. வெயில்ல வெறுந்தலையா நிக்காத. ஊருக்கு வாற ஆள்கிட்டக் குடுத்துவிடலாம்னு காத்துக்கெடக்காமப் பதிலைத் தபால்லயே போட்டுரு.

உன்னையே நெனச்சுக்கிட்டு இருக்கும் அம்மா,
பரிபூரணம்