பின் சீட்டுக்காரன்

மார்ச் 4

இன்றும் ஒன்றும் தட்டுப்படவில்லை. காலையில் கிளம்பி மத்தியானம் வரை சுற்றினோம். தண்ணீர், தண்ணீர், மறுபடியும் தண்ணீர். எதிரியின் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று இந்தப் பக்கம் நடமாடுகிறதாம். அது நடமாடுகிறதோ இல்லையோ, நாங்கள் நடமாடிக்கொண்டிருக்கிறோம். உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு விட்டுப்போயிற்று.

முன் சீட்டில் சித்தப்பா. வண்டியை ஓட்டுவது அவர் வேலை. (எங்கள் விமானம் தாங்கிக் கப்பலில் யாரும் விமானம் என்று சொல்வதில்லை, வண்டிதான்.) பின் சீட்டில் நான். வரைபடம், திசை, ரேடியோ, துப்பாக்கி எல்லாம் என் பாடு. சித்தப்பா எனக்குச் சித்தப்பா இல்லை. இந்தக் கப்பலில் யாருக்குமே சித்தப்பா இல்லை. முப்பத்தைந்து வயதில் முன்மண்டை வழுக்கையானதால் வந்த பட்டம். அவரைவிடப் பத்து வயது மூத்த கமாண்டரே வாய் நிறைய அப்படித்தான் கூப்பிடுகிறார்.

டீயில் சர்க்கரை இல்லை. தீர்ந்துவிட்டதாம். போர் நடக்கிறது என்று அப்போதுதான் நம்பினேன்.

மார்ச் 5

தூங்கினேன். எழுத வேறொன்றும் இல்லை.

மார்ச் 9

உயிர் போய் வந்தது.

கப்பலின் மேல்தளத்தில் இறங்குவது எப்போதுமே உயிரோடு விளையாடுகிற வேலைதான். தளத்தின் வால்முனையில் மட்டைக்காரர் நிற்பார். இரண்டு கையிலும் சிவப்பு மட்டை. மட்டை மேலே போனால் நாமும் ஏற வேண்டும். கீழே போனால் இறங்க வேண்டும். குறுக்கே வெட்டினால் இன்ஜினை அணைத்துவிட வேண்டும். வண்டியின் வாலில் இருக்கிற கொக்கி தளத்துக் கம்பியில் மாட்டிக்கொள்ளும். அவ்வளவுதான். பார்த்துச் செய்தால் அவ்வளவுதான்.

இன்று மட்டைக்காரர் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நிற்கிறார், சித்தப்பா பாட்டுக்கு இறங்கிக்கொண்டே இருக்கிறார். கப்பலின் பின்பக்க இரும்புச் சுவர் நேராக என் மூஞ்சிக்கு வருகிறது. "ஏத்துங்க, ஏத்துங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். ஏற்றினார். சக்கரம் எதையோ உரசியது. மறுபடி ஒரு சுற்று சுற்றி வந்து இறங்கினோம்.

"என்ன சித்தப்பா ஆச்சு?"

"வெயில் கண்ணுல அடிச்சிருச்சுடா."

வெயில் எங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

மார்ச் 10

அவராகவே சொன்னார். அறைக்கு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, ஷூவைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "ஆள் நிக்கறது தெரியுது. கையில என்ன பண்றார்னு தெரியல. கொஞ்ச நாளாவே இப்படித்தான் இருக்கு. நேத்து சுத்தமா தெரியல."

கோபம் தலைக்கேறியது. கொஞ்ச நாளாக என்றால்? அத்தனை நாளும் நான் பின்னால் நிம்மதியாக உட்கார்ந்து வரைபடத்தில் கோடு போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்! டாக்டரிடம் போங்கள் என்றேன். தலையாட்டினார். நாளைக் காலையிலேயே மறுபடி கிளம்ப வேண்டும். அதற்கு என்ன செய்வது என்று பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். மட்டை காட்டுவதை நான் பின்னாலிருந்து வாயால் சொல்ல வேண்டும், அவர் காதால் கேட்டு இறக்க வேண்டும். பைத்தியக்காரத்தனம்தான். வேறு வழி இருந்தால் யாராவது சொல்லட்டும்.

மார்ச் 13

நடக்கிறது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறேன். "ஏத்து... ஏத்து... சரி... அப்படியே... கொஞ்சம் இறக்கு... வெட்டு!" மூன்றாவது கம்பியில் பூப்போல மாட்டியது.

"என் பொண்டாட்டி பின்னாடி உக்காந்து ஓட்டச் சொல்லிக் குடுக்கற மாதிரியே இருக்குடா," என்றார். "அவளும் கத்திக்கிட்டேதான் இருப்பா. ஆனா அவ இவ்வளவு மோசமா திட்ட மாட்டா." நான் திட்டினேனா? ஞாபகமே இல்லை.

மார்ச் 17

நீர்மூழ்கி கிடைத்துவிட்டது.

காற்று வாங்க மேலே வந்திருந்தது போல. நான்தான் முதலில் பார்த்தேன். தண்ணீரில் கறுப்பாக ஒரு கீறல். நான் சொன்ன பக்கம் சித்தப்பா வண்டியின் மூக்கைக் குத்தி இறக்கினார். கீழேயிருந்து சுட ஆரம்பித்தார்கள். இடது இறக்கையில் துணி கிழிகிற மாதிரி சத்தம். குண்டுகளைப் போட்டோம். ஏறித் திரும்பிப் பார்த்தபோது நீர்மூழ்கி இல்லை. எண்ணெய் பரவிக்கொண்டிருந்தது. எண்ணெய்க்குள் தலைகள். ஒருவன் கையைத் தூக்கி ஆட்டினான் — எங்களைப் பார்த்துத்தான்.

"என்னடா தெரியுது?" என்றார் சித்தப்பா.

"எண்ணெய் மட்டும்தான்."

இறக்கையில் ஓட்டையோடு திரும்பி இறங்கியதை எழுதத் தெம்பில்லை. இறங்கினோம். எல்லாரும் வந்து முதுகில் தட்டினார்கள். கமாண்டர் எங்கள் இருவருக்கும் சர்க்கரை போட்ட டீ கொடுக்கச் சொன்னார். அப்போ சர்க்கரை இருக்கத்தான் இருக்கிறது!

மார்ச் 18

கையைத் தூக்கி ஆட்டினானே, அவன் என்ன கேட்டிருப்பான்? சாப்பாடு இறங்கவில்லை.

மார்ச் 21

டாக்டரிடம் நானே போனேன். சித்தப்பா போவார் போவார் என்று காத்திருந்து அலுத்துவிட்டது. காட்டிக்கொடுக்கிறோமே என்று உடம்பு கூசியது. ஆனாலும் ஒன்று விடாமல் சொல்லிவிட்டேன்.

டாக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. யாருக்கோ கட்டுப் போட்டுக்கொண்டிருந்தவர், கட்டி முடித்து அந்த ஆளை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"தெரியும் தம்பி. நீ சொன்னேன்னு அவரே வந்துட்டுப் போனாரு. ஓட்டக் கூடாது, வீட்டுக்கு அனுப்பணும்னு நான் எழுதியும் குடுத்தாச்சு."

"அப்புறம் ஏன் சார் ஓட்டறாரு?"

"கமாண்டர் விடல. ஓட்டத் தெரிஞ்ச ஆள் இல்லைங்கறார். அவர் சொன்னதை அப்படியே சொல்லட்டுமா? 'பின்னாடி இருக்கறவன் கெட்டிக்காரன். அவன் இருக்கற வரைக்கும் ஓடும்.'"

வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். அப்படியென்றால் அவரை இங்கே கட்டிப்போட்டிருப்பது நான்தான். நான் வாய் வலிக்க வலிக்க நன்றாகச் சொல்கிறேன், அதனால் அவர் மறுபடி மறுபடி ஏறுகிறார்.

மார்ச் 22

ஏன் என்னிடம் மறைத்தீர்கள் என்று சண்டை போட்டேன். "சொன்னா நீ கமாண்டர்கிட்ட போய்க் குதிப்பே. உன்னைப் பத்தி எனக்குத் தெரியாதா?" என்று சிரித்தார். பிறகு சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. "நான் வீட்டுக்குப் போகணும்டா. ரெண்டு பொட்டப்புள்ளைங்க இருக்கு. மெடல் வேணாம், ஒண்ணும் வேணாம். போய்ப் படுத்துத் தூங்கணும். அவ்ளோதான்."

இவ்வளவு வெளிப்படையாக அவர் பேசி நான் கேட்டதில்லை. எனக்குத்தான் அழுகை வந்தது.

மார்ச் 24

ஒரே ஒரு வழிதான் இருக்கிறது. நான் ஏறாவிட்டால் அவராலும் ஏற முடியாது. மற்ற பின் சீட்டுக்காரர்கள் எல்லாருக்கும் அவரவர் வண்டி இருக்கிறது. கப்பலில் உபரி ஆள் கிடையாது.

கண்ணைப் பற்றிச் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. அது கமாண்டருக்கே தெரியும். என்னைப் பற்றித்தான் ஏதாவது சொல்ல வேண்டும். காய்ச்சல் என்றால் டாக்டர் பார்ப்பார், நாலு நாளில் சரியாகிவிடும். சரியாகாத ஒன்று வேண்டும்.

அக்காவை நினைத்தால்தான் சங்கடமாக இருக்கிறது. தம்பி வானத்தில் பறக்கிறான் என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். அத்தான் ஏற்கெனவே என்னை ஒரு ஆளாக மதிப்பதில்லை. இனிமேல் கேட்கவே வேண்டாம்.

மார்ச் 26

சொல்லிவிட்டேன்.

"பயமா இருக்கு சார். இனிமே என்னால ஏற முடியாது."

கமாண்டர் பேனாவைக் கீழே வைத்தார். "இந்தக் கப்பல்ல யாருக்குய்யா பயம் இல்ல? எனக்கு இல்லையா?" என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சித்தப்பா சொல்லிக்குடுத்தாரா?" இல்லை, அவருக்குத் தெரியவே தெரியாது என்றேன். அது சத்தியம். அதைக் கேட்டதும் கமாண்டர் முகம் மாறிவிட்டது. சட்டையில் இருந்த இறக்கை பேட்ஜைக் கழற்றி மேஜை மேல் வைக்கச் சொன்னார். ஊசி வர மாட்டேன் என்று அடம்பிடித்தது. அவர் காத்திருந்தார்.

ஒன்றை எழுதியே ஆக வேண்டும். பொய் சொல்லத் தயார் செய்துகொண்டுதான் போனேன். சொன்னபோது அது பொய் மாதிரி இல்லை. கடகடவென்று வந்தது. எங்கே இருந்து வந்தது அது? சித்தப்பாவுக்காகத்தானே போனேன்? — அவருக்காகத்தானே?

மார்ச் 27

சித்தப்பா வந்தார். "ஏண்டா இப்படிப் பண்ணே?"

"பயமா இருந்துச்சு சித்தப்பா."

"பொய் சொல்றே."

"இல்ல."

வெகுநேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கண்ணுக்கு என்ன தெரிந்ததோ. "பொய்தான் சொல்றே," என்று இன்னொரு தடவை சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஏப்ரல் 1

சரக்குக் கப்பல் வந்தது. எண்ணெய், மாவு, குண்டுகள். கூடவே எங்கள் வண்டிக்குப் புதிதாக இரண்டு பேர், ஓட்ட ஒருவன், பின் சீட்டுக்கு ஒருவன். நல்ல வண்டி ஒன்று ஆள் இல்லாமல் சும்மா நிற்கிறது என்று ரேடியோவில் சொல்லி ஆள் வரவழைத்திருக்கிறார்கள். டாக்டர்தான் சொன்னார். அதே கப்பலில் சித்தப்பாவை வீட்டுக்கு அனுப்பச் சொல்லிக் கமாண்டர் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

ஏணியில் இறங்குவதற்கு முன்னால் எல்லார் எதிரிலும் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். படியைத் தடவித் தடவி இறங்கினார். நிம்மதியாக இருந்தது. இத்தனை மாதத்தில் அப்படி ஒரு நிம்மதி இருந்ததில்லை.

ஏப்ரல் 4

இப்போது மேல்தளத்தில் வண்டி தள்ளுகிறேன். கையெல்லாம் காப்புக் காய்த்துவிட்டது. சாப்பாட்டு மேஜையில் நான் உட்கார்ந்தால் பக்கத்தில் இருக்கிறவனுக்கு உடனே வேறு வேலை வந்துவிடுகிறது. 'பயந்தாங்கொள்ளி' என்று யாரும் முகத்துக்கு நேராகச் சொல்வதில்லை. முதுகுக்குத்தான் காது இல்லை என்று நினைப்பு.

புதிதாக வந்த இருவரில் ஒருவன் மட்டும் என்னோடு உட்கார்ந்து சாப்பிடுகிறான். எங்கள் பின் சீட்டு இப்போது அவனுடையது. எந்நேரமும் ஏதாவது முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருப்பதால் அதற்குள் பாட்டுக்காரன் என்று பட்டம் கட்டிவிட்டார்கள். இவனுக்கு விஷயம் தெரியாது போல என்று நானே சொல்லிவிட்டேன்.

"தெரியும் அண்ணே. வந்த அன்னிக்கே சொன்னாங்க. எனக்கு மட்டும் பயம் இல்லையா? பின்ன எதுக்குப் பாடறேன்னு நினைச்சீங்க?"

ரொட்டியைப் பிய்த்து என் கிண்ணத்துச் சாற்றில் தொட்டுக்கொண்டான். அவ்வளவு உரிமை!

ஏப்ரல் 6

திசைகாட்டி ஏறும்போது கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும், விரலால் ஒரு தட்டுத் தட்டு என்று பாட்டுக்காரனுக்குச் சொல்லிக்கொடுத்தேன். பெல்ட் கொக்கியையும் காட்டினேன். சமர்த்தாகக் கேட்டுக்கொண்டான்.

ஏப்ரல் 11

காலையில் அவர்கள் வண்டியைத் தள்ளிவிட்டவன் நான்தான். பாட்டுக்காரன் கட்டை விரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனான்.

திரும்பவில்லை.

மத்தியானம் ரேடியோவில் எதிரி விமானம் என்று பாதி வார்த்தை வந்தது. அப்புறம் ஒன்றுமில்லை. பெட்ரோல் தீர்ந்துபோயிருக்கும் நேரம் தாண்டிய பிறகும் மட்டைக்காரர் மட்டையைக் கீழே வைக்காமல் நின்றார். நாங்களும் நின்றோம். கடைசியில் கமாண்டர் மேலேயிருந்து கையசைத்துக் கலைந்துபோகச் சொன்னார். இறங்கி வந்து என்னைத் தாண்டிப் போகும்போது ஒரு நொடி நின்றார். திட்டுவார் என்று பார்த்தேன். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

ஏப்ரல் 12

அது நாங்கள் போயிருக்க வேண்டிய பயணம். சித்தப்பாவும் நானும். அந்த இருவரையும் கேட்டு வரவழைத்தது நான் காலி செய்த சீட்டு.

சித்தப்பாவுக்காகச் செய்தேன் என்று நேற்று முன்தினம் வரை நம்பிக்கொண்டிருந்தேன். நானும்தானே தப்பித்தேன்? பயமா இருக்குன்னு சொன்னேனே, அது நிஜமா இருந்தா? ஐயோ, எனக்குத் தெரியல. யாரைக் கேக்கறது?

ஏப்ரல் 15

வண்டி தள்ளினேன்.

ஏப்ரல் 23

தபால் வந்தது. சித்தப்பா எழுதியிருக்கிறார். சோடாப்புட்டிக் கண்ணாடி போட்டிருக்கிறாராம். பெண்கள் இரண்டும் அதைப் பிடுங்கித் தாங்கள் மாட்டிக்கொண்டு வீடெல்லாம் முட்டி மோதி விளையாடுகிறதாம். பகலிலும் தூங்குகிறாராம், எழுப்பினால் மனைவி பிள்ளைகளை அதட்டுகிறாளாம். "நீ எனக்கு என்ன பண்ணேன்னு இவகிட்ட மட்டும் சொன்னேன். லீவுல வந்தா நேரா இங்கதான் வரணும்னு சொல்றா." கடைசியில் குறுக்கி ஒரு வரி: "நம்ம வண்டி எப்படிடா இருக்கு? யார் ஓட்டறாங்க?"

சாப்பாட்டு மேஜையிலேயே உட்கார்ந்து பதில் எழுதினேன். பக்கத்தில் யாரும் இல்லை, வசதியாக இருந்தது. கண்ணாடியைப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொன்னேன். வண்டி நன்றாக இருக்கிறது, புதிதாக இரண்டு பேர் வந்திருக்கிறார்கள், நல்ல பையன்கள் என்று எழுதினேன். பின் சீட்டில் இருக்கிறவன் நன்றாகப் பாடுவான் என்றும் எழுதி, உறையை ஒட்டித் தபாலில் சேர்த்துவிட்டேன்.