டைட்டஸ் சாரின் பத்து வகுப்பு

குவைத்,
7.6.2009

அன்புத் தம்பி பெனிட்டோவுக்கு அக்கா சகாயசெல்வி எழுதுவது.

மாதா காவலில் நான் இங்கே சுகம். அங்கே நீ சுகமில்லை என்று தெரியும், அதனால் அதைக் கேட்டு நேரத்தை வீணாக்கவில்லை. உன் போன் ஏழு மாதமாக எதற்கு அணைந்து கிடக்கிறது? அம்மாவின் போனில் கூப்பிட்டு உன்னிடம் கொடுக்கச் சொன்னால், "வாங்க மாட்டேங்கான் மக்கா, போனக் கண்டதும் எழும்பிப் போறான்" என்கிறாள். கூடப்பிறந்தவளிடம் பேச உனக்கு அப்படி என்ன கனம்? போகட்டும், கடிதத்தைக் கண்டு எழும்பிப் போக முடியாதே.

அம்மா எல்லாம் சொன்னாள். கடற்கரையில் ஏலம் கூறிக்கொண்டிருக்கும்போதே வாயைத் திறந்தபடி நின்றுவிடுகிறாயாம். மீன் முன்னால் கிடக்கிறது, வியாபாரிகள் சுற்றி நிற்கிறார்கள், சத்தம் மட்டும் வரவில்லை. மூன்று தடவை, உன் கூட நிற்கிற ஆன்ட்ரூஸ்தான் பாதியில் வாங்கிக் கூறி முடித்தானாம். லேய், என் தம்பி கூறினால் கோயில் நடை வரைக்கும் கேட்கும் என்று இங்கே எல்லாரிடமும் பெருமையடித்தவள் நான்.

செப்டம்பர் இருபதாம் தேதி ஊர்க் கமிட்டி கூடி, அடுத்த வருடம் யார் ஏலம் கூறுவது என்று முடிவு செய்யும். அதற்குள் நீ சரியாக வேண்டும். வழி பண்ணிவிட்டேன். நாகர்கோவிலில் டைட்டஸ் சார் என்று ஒருவர் தன்னம்பிக்கைப் பயிற்சி நடத்துகிறார். இந்த வேலைக்கான இண்டர்வியூவுக்கு முன்னால் எனக்குக் கை நடுங்கியதே, அவர்தான் சரிப்படுத்தினார். மொத்தம் பத்து வகுப்பு. உன் பெயரைக் கொடுத்தாயிற்று, சனிக்கிழமைதோறும் போ.

ஒன்று மட்டும். யாராவது மனநல டாக்டரிடம் போ என்று சொன்னால் காதில் வாங்காதே. அப்பாவை அங்கே கொண்டு போனதற்கு ஊர் நம் வீட்டுக்கு வைத்த பெயர் உனக்கு மறந்திருக்கலாம், நீ அப்போது சின்னவன். எனக்கு மறக்கவில்லை. உனக்கு நோய் ஒன்றும் கிடையாது, தைரியம்தான் குறைச்சல்.

உன் அக்கா,
சகாயசெல்வி

கடியப்பட்டணம்,
28.6.2009

பாசமுள்ள அக்காவுக்கு,

நீ அனுப்பிய திட்டு பத்திரமாக வந்து சேர்ந்தது. அத்தானும் பிள்ளையும் சுகம்தானே? அம்மாவுக்கு முட்டுவலி அப்படியே இருக்கிறது. வாய்க்கு ஒரு குறைவும் இல்லை.

இரண்டு வகுப்பு போய் வந்தேன். டைட்டஸ் சார் நல்ல மனுஷன். கூடப் படிக்கிறவர்கள் மூன்று நர்ஸ் பிள்ளைகள், ஒரு இன்சூரன்ஸ் ஏஜெண்ட், பெண் பார்க்கப் போகும்போதெல்லாம் வியர்த்துக் கொட்டுகிற ஒரு பூதப்பாண்டி வாத்தியார். முதல் நாள் எல்லாரையும் இலக்கு எழுதச் சொன்னார். நர்ஸ் பிள்ளைகள் லண்டன், கனடா என்று எழுதினார்கள். நான் வெகுநேரம் யோசித்து, "ஒரு நாள் நிம்மதியாகத் தூங்க வேண்டும்" என்று எழுதினேன். வாத்தியார் எட்டிப் பார்த்துச் சிரித்தார். சார் சிரிக்கவில்லை.

அடுத்த வாரம், உன் தொழிலைச் செய்து காட்டு என்றார். வகுப்பு நடக்கிற மாடியில் மீனுக்கு எங்கே போவது? அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியையே ஏலம் விட்டேன். "நல்ல தேக்கு, நாலு காலும் உண்டு, சாருக்க சூடு இன்னும் ஆறல்ல, கேளுங்க, கேளுங்க!" அக்கா, சத்தம் பழையபடி வந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். நாற்காலி வாத்தியாருக்குத்தான் விழுந்தது. சந்தோஷத்தில் எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

மறுநாள் காலையில் சாளை மீன் குவியலுக்கு முன்னால் நின்றேன். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கூட்டத்தில் எவனுடைய போனோ அடித்தது. அவ்வளவுதான். தொண்டை அடைத்தது, முதுகு நனைந்தது, கால் தரையில் இருக்கிறதா என்றே தெரியவில்லை. ஆன்ட்ரூஸ் முடித்து வைத்தான். வியாபாரிகள் என்னை விட்டு அவன் பக்கம் திரும்பிக்கொண்டார்கள், அதுதான் பயமாக இருக்கிறது.

தைரியம் இல்லாதவன் நாற்காலியை எப்படிக் கூறினான் அக்கா? நீ நர்ஸ்தானே, சொல்லேன்.

தம்பி பெனிட்டோ

குவைத்,
15.7.2009

அன்புத் தம்பிக்கு,

நாற்காலி ஏலத்தைப் படித்து நானும் அத்தானும் விழுந்து விழுந்து சிரித்தோம். பார்த்தாயா, இரண்டே வகுப்பில் சத்தம் வந்துவிட்டது. மாடியில் வந்தது கடற்கரையிலும் வரும். பத்தையும் முடி.

போன் அடித்தால் தொண்டை அடைக்கிற நோயை எங்கள் ஆசுபத்திரியில் நான் பார்த்ததில்லை. மரியஜான் கடலில் போனதிலிருந்துதான் நீ இப்படி என்கிறாள் அம்மா. சின்ன வயதிலிருந்து கூடவே திரிந்தவன் போனால் யாருக்கும் மனசு கனக்கத்தான் செய்யும். ஆனால் அவன் பெண்டாட்டி அபினாவே எழும்பி மீன் விற்கப் போகிறாளாமே. அவளே நடக்கும்போது நீ படுத்துக் கிடக்கலாமா?

கமிட்டித் தலைவர் ஆபேல் அண்ணனிடம் நேற்றுப் பேசினேன். தொண்டையில் புண், மருந்து எடுக்கிறான், செப்டம்பருக்குள் சரியாகிவிடும் என்று மாதா மேல் ஆணையாகச் சொல்லிவிட்டேன். பொய்தான். என்னைப் பொய்க்காரி ஆக்கிவிடாதே.

அக்கா

கடியப்பட்டணம்,
9.8.2009

அக்காவுக்கு,

ஏழாவது வகுப்போடு டைட்டஸ் சார் என்னை நிறுத்திவிட்டார். கோபத்தில் இல்லை. மற்றவர்களை அனுப்பிவிட்டுத் தனியாக உட்கார வைத்துப் பேசினார்.

"தம்பி, உனக்க நாக்கு நல்லாத்தான் இருக்கு. நான் பேச்சுப் பழக்குற ஆளு. எங்க போகணும்னு தெரிஞ்சவனுக்கு வழி சொல்லுவேன். நீ எங்கயும் போக முடியாம எதையோ உள்ள வச்சிட்டு நிக்கிற. இன்னும் மூணு வகுப்பு எடுத்தா இன்னும் நல்லா நடிப்ப, அவ்வளவுதான். இதுக்கு நான் படிக்கல்ல. டாக்டரப் பாரு" என்றார். நாகர்கோவிலிலேயே ஒரு டாக்டர் அம்மாவின் விலாசம் எழுதித் தந்தார்.

உள்ளே இருப்பது என்ன என்று அவருக்குச் சொல்லவில்லை. உனக்குச் சொல்கிறேன்.

ஏலம் கூறுகிறவன் முடிக்கும்வரை போனில் பேசக் கூடாது என்று உனக்குத் தெரியும். பேசினால் வெளியே எவனிடமோ விலை கேட்கிறான் என்று வியாபாரிகள் கலைந்துவிடுவார்கள். போன நவம்பரில் ஒரு நாள் காலை நல்ல கணவாய் மீன் வந்திருந்தது, விலைக் கேள்வி சூடாகப் போய்க்கொண்டிருந்தது. சட்டைப் பையில் போன் அடித்தது. பார்த்தேன், மரியஜான். கட் பண்ணினேன். மறுபடியும் அடித்தது. மறுபடியும் கட் பண்ணினேன். மூன்றாவது தடவை வியாபாரிகள் முறைத்தார்கள். "பய கடலில கெடந்து வெளயாடுதான்" என்று சிரித்துக்கொண்டே போனை அணைத்துவிட்டேன். அவர்களும் சிரித்தார்கள். ஏலம் அமோகமாக முடிந்தது.

அந்த நேரத்தில் இஞ்சின் நின்றுபோய் அவனுடைய வள்ளம் பாறையைப் பார்த்து இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. கூட இருந்த இரண்டு பேர் நீந்தி வந்தார்கள். மரியஜான் யாருக்கோ மூன்று தடவை போன் பண்ணினான், எடுக்கவில்லை என்றார்கள். யாருக்கு என்று அவர்களுக்குத் தெரியவில்லை. போனும் அவனோடு போயிற்று. நான் எடுத்திருந்தால் கரையில் நின்ற வள்ளம் ஏதாவது ஒன்றைத் தள்ளிவிட்டிருப்பேன் அக்கா. அன்று நாலு வள்ளம் நின்றது.

அபினாவின் போனில் அன்று சார்ஜ் இல்லை. தன்னைத்தான் கூப்பிட்டிருக்கிறான் என்று அவள் நினைக்கிறாள். ராத்திரியே சார்ஜ் போட்டிருக்கக் கூடாதா என்று தலையில் அடித்துக்கொண்டு அழுகிறாள். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

தூக்கம் உண்டா, தனியாக எங்கேயாவது போகிறாயா என்றும் சார் கேட்டார். சில நாள் முட்டம் பாறையில் போய் நிற்பேன் என்றேன். எதற்கு என்றார். கீழே அலை அடிப்பதைப் பார்க்க என்றேன். இனி அங்கே தனியாகப் போக மாட்டேன் என்று என்னிடம் சத்தியம் வாங்கினார். ஒரு வாரமாகக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன்.

அந்த டாக்டரிடம் போ என்று ஒரு வார்த்தை எழுது. போகிறேன்.

பெனிட்டோ

குவைத்,
22.8.2009

தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இதை இனி யாரிடமும் சொல்லாதே. அபினாவிடம் சொல்லவே சொல்லாதே. அவள் அண்ணன்மார் உன்னை விட்டு வைப்பார்களா? போனவன் திரும்பி வரப் போவதில்லை.

அந்த டாக்டரிடம் இப்போது போகாதே. பஸ்ஸில் நம் ஊர் மீன்காரிகள் இல்லாத நேரம் உண்டா? மறுநாளே ஆபேல் அண்ணன் காதுக்குப் போய்விடும். அவரிடம் நான் ஆணையிட்டுச் சொல்லியிருக்கிறேன். செப்டம்பர் இருபது வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு இரு. சாமியாரிடம் மட்டும் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய், மனசு லேசாகும். டைட்டஸ் இல்லாவிட்டால் திருவனந்தபுரத்தில் இன்னும் பெரிய பயிற்சியாளர் இருக்கிறாராம், விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

அப்பாவை ஆசுபத்திரிக்குக் கொண்டு போன மறு வாரம் எனக்குப் பேசி வைத்த கல்யாணம் நின்றது. "கிறுக்கன் வீட்டில பெண் எடுக்க மாட்டோம்" என்று தெருவில் நின்று சொல்லிவிட்டுப் போனார்கள். அது உனக்கும் நடக்க நான் விட மாட்டேன்.

அக்கா

குவைத்,
25.8.2009

பெனிட்டோ, எனக்க தங்கமே,

மூன்று நாளைக்கு முன்னால் எழுதிய கடிதம் உன் கைக்கு வந்திருந்தால் கிழித்துப் போடு. வரவில்லை என்றால் வந்ததும் கிழி.

நேற்று டியூட்டியில் ஒரு நோயாளி எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். ஓடிப் போய்க் கையைப் பிடித்தேன். பிடித்த பிறகுதான் உன் பாறை ஞாபகம் வந்தது. நீ எழுதியதை நான் படித்தேன், ஆனால் கண் தாண்டிப் போய்விட்டது. இருபது வருட நர்ஸ் நான். வெட்கமாக இருக்கிறது.

உடனே அம்மாவைக் கூப்பிட்டேன். காலையில் முதல் பஸ்ஸுக்குப் போனவன் விளக்கு வைக்கும்போதுதான் வந்தான், எங்கே என்று சொல்லவில்லை, சாப்பிடவும் இல்லை என்றாள். எனக்கு உயிரே இல்லை. அவளிடம் என்னவென்று சொல்வேன்?

அவளிடம் சொல்ல முடியாதது இன்னொன்றும் இருக்கிறது. அப்பாவுக்கு அந்த மருந்து கேட்டது, முகமே தெளிந்திருந்தது. என் கல்யாணம் நின்றபோது நான் அவர் முன்னால் போய், "உங்களாலதான் இவ்வளவும்" என்று அழுதேன். அன்றைக்கு மருந்தை நிறுத்தினார். அந்த ஆடியில் அவர் கால் தவறிக் கிணற்றில் விழவில்லை பெனிட்டோ. அது உனக்குத் தெரியக் கூடாது என்று நானும் அம்மாவும் இத்தனை வருடம் மறைத்தோம்.

நீ போ. இன்றைக்கே போ. கமிட்டி போகட்டும், என் ஆணை போகட்டும், ஊர் எதை வேண்டுமானாலும் சொல்லட்டும். பயிற்சி உனக்கு வேண்டியதே இல்லை, டாக்டர்தான் வேண்டும். முதல் கடிதத்திலேயே அதை நான் எழுதியிருக்க வேண்டும். போ என்று ஒரு வார்த்தை கேட்டாயே. போ, போ, போ.

உன் அக்கா

கடியப்பட்டணம்,
9.9.2009

அக்காவுக்கு,

ஆகஸ்ட் 22 என்று தேதி போட்ட உன் கடிதம் போன வியாழக்கிழமை வந்தது. அதற்காக நான் காத்திருக்கவில்லை. ஆகஸ்ட் 23ஆம் தேதி சாயங்காலம் சத்தியத்தை மீறிப் பாறைப் பக்கம் நடந்துவிட்டேன். பாதி வழியில் எனக்கே பயம் வந்து திரும்பினேன். மறுநாள் முதல் பஸ்ஸில் நாகர்கோவிலுக்குப் போனேன்.

டாக்டர் அம்மா இலக்கு எழுதச் சொல்லவில்லை. "என்ன நடந்துச்சு?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தார். சொல்லி முடிக்க எனக்கு ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. மருந்து தந்திருக்கிறார், தூக்கம் வருகிறது. வெள்ளிக்கிழமைதோறும் போகிறேன். நீ பயந்த மாதிரியே பஸ்ஸில் இரண்டு மீன்காரிகள் பார்த்து, "எங்கலே மக்கா?" என்றார்கள். ஆசுபத்திரிக்கு என்றேன். "என்ன சீக்கு?" மனசுக்கு என்றேன். இருவரும் கூடையைத் தங்கள் பக்கம் இழுத்துக்கொண்டார்கள். பிறகு ஒருத்தி, தன் மகனும் தூங்குவதில்லை என்று சொல்லி, டாக்டரின் பெயரைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

ஆபேல் அண்ணனிடம் போய், அடுத்த வருடம் ஆன்ட்ரூஸே கூறட்டும் என்று சொல்லிவிட்டேன். உன் தொண்டைப்புண் கதையையும் சொன்னேன், சிரித்தார். இப்போதைக்கு ஐஸ் பெட்டி ஏற்றுகிறேன்.

போன ஞாயிறு பூசை முடிந்து அபினாவிடம் சொன்னேன். அவசரப்படாதே என்றுதான் டாக்டர் அம்மா சொல்லியிருந்தார். என்னால் முடியவில்லை. "மூணு தடவையும் உனக்கா?" என்றாள். ஆமாம் என்றேன். கன்னத்தில் ஒன்று விட்டாள். "பத்து மாசமா என்னைய நானே கொன்னுட்டுக் கெடந்தேனே, பாவி" என்று கதவை அடைத்தாள். உள்ளே அவள் அழுதாள், வெளியே நான் அழுதேன். மன்னிப்பாளா தெரியாது. ஆனால் இனி அவள் தன்னைத் திட்ட வேண்டாம்.

இனி உன் கடிதம். நாலு தடவை படித்தேன். அதில் கமிட்டி இருக்கிறது, ஆபேல் அண்ணன் இருக்கிறார், திருவனந்தபுரத்துப் பயிற்சியாளர் இருக்கிறார். பாறையைப் பற்றி ஒரு வரி இல்லை. உன் வார்டில் முகம் தெரியாத ஒருவன் அதைச் சொல்லியிருந்தால் அவன் கட்டிலை விட்டு நீ நகர்ந்திருக்க மாட்டாய். வலிக்கிறது அக்கா. நீ தினமும் கூப்பிடுகிறாய், அழுகிறாய் என்று அம்மா போனை நீட்டுகிறாள். அதைக் காதில் வைக்க இன்னும் எனக்கு முடியவில்லை, நீ சொன்னதாக அவள் வாயெடுத்தாலும் எழும்பிப் போய்விடுகிறேன். எதற்கு அழுகிறாய் என்று அவளுக்கும் தெரியவில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே தபால்காரர் உன்னுடைய இன்னொரு கவரைத் தந்துவிட்டுப் போனார். முன்னால் வைத்திருக்கிறேன், பிரிக்கக் கை வரவில்லை. இதிலும் போகாதே என்று இருந்தால், எனக்கு அக்கா இல்லை என்று ஆகிவிடும். அதைத் தனியாக உட்கார்ந்து படிக்க எனக்கு இப்போது தெம்பில்லை. நாளை மறுநாள் வெள்ளிக்கிழமை. டாக்டர் அம்மாவிடம் கொண்டு போய், அவர் பக்கத்தில் இருக்கும்போது பிரிக்கிறேன்.

பெனிட்டோ