நூத்துக்கு நூறு, மச்சான்

நவம்பர் 6, வியாழன்

காலையிலிருந்து தூறல். கடை திறக்க ஒன்பதரை. புயல் சின்னமாம். மருந்துக்கடைக்கு வந்து மெழுகுவத்தி கேட்கிறார்கள்.

செய்ய வேண்டியவை: இன்சுலின் ஆர்டர். ஷட்டருக்கு எண்ணெய். செல்வியிடம் சொல்வது.

கடைசி வேலை மட்டும் மூன்று வாரமாக நிற்கிறது.

ஞாயிறு ஒளிபரப்பு. திருப்பாதிரிப்புலியூரே அதைத்தான் பேசுகிறது. "ஒங்க மச்சான் டிவில வராராமே? ஃபாரின்காரங்களோட போட்டியாமே?" ஆமாம் என்று சில்லறை கொடுத்து அனுப்பினேன். மலேசியா, கனடா, மொரீசியஸ் என்று பல நாட்டுத் தமிழர்கள் கலந்துகொள்ளும் பொது அறிவுப் போட்டி. எங்கள் பக்கத்திலிருந்து போன ஒரே ஆள் வேலு, செல்வியின் தம்பி, சிதம்பரம். ஜெயித்தால் அடுத்த சுற்று சிங்கப்பூரில். பாஸ்போர்ட்கூட எடுத்து வைத்திருந்தான்.

தோற்றது வீட்டுக்குத் தெரியும். யாரால் என்பது தெரியாது.

நவம்பர் 7, வெள்ளி

மழை பலம். கடையில் ஈ ஓட்டுகிறேன். எழுதியாவது தொலைக்கலாம்.

பதில் தெரியாவிட்டால் ஒருவருக்கு ஃபோன் பண்ணலாம், முப்பது விநாடி. வேலு என் நம்பரைக் கொடுத்திருந்தான். மாமாவுக்குத் தெரியாதது கிடையாது என்று அவனுக்கு நினைப்பு. சென்னையில் ஷூட்டிங் நடந்த அன்று, வீட்டில் தனியாக, இஸ்திரி போட்ட சட்டையோடு உட்கார்ந்திருந்தேன். ஃபோனுக்கு எதற்கு இஸ்திரி?

வந்தது. "மாமா, அலையாத்திக் காடு ஜாஸ்தி இருக்கிறதுல மேற்கு வங்கத்துக்கு அடுத்த மாநிலம் எது? தமிழ்நாடு, குஜராத், ஒடிசா, கேரளா. எனக்கு குஜராத்துன்னு தோணுது."

சிரித்தேன். அந்தச் சிரிப்புதான் இப்போதும் காதில் கேட்கிறது.

"என்ன மச்சான், பிச்சாவரத்த பக்கத்துல வச்சிக்கிட்டு இத கேக்கற? உலகத்துலயே ரெண்டாவது பெரிய காடு. தமிழ்நாடு."

"கன்ஃபார்மா மாமா?"

"நூத்துக்கு நூறு, மச்சான்."

வருகிற விருந்தாளிகளை எல்லாம் படகில் ஏற்றி நான் சொல்கிற வசனம் அது. எங்கள் பக்கத்தில் எல்லாரும் சொல்வார்கள். சரிதானா என்று பார்த்தவர் இல்லை. நானும் பார்க்கவில்லை.

ஃபோனை வைத்த பிறகுதான் தேடிப் பார்த்தேன், விடை குஜராத். மலேசியாவில் கிள்ளானிலிருந்து வந்த பெண் சொல்லிவிட்டாளாம். பிச்சாவரத்தைக் கண்ணால் பார்த்திராதவள். சிங்கப்பூர் அவளுக்கு.

அன்று செல்வி வீட்டுக்கு வந்ததும் ஃபோன் வந்ததா என்று கேட்டாள். "ஃபோனே வரல" என்றேன். வாய் முந்திக்கொண்டது. சாயங்காலம் வேலு பேசினான். "அக்காகிட்ட என்ன சொன்னீங்க மாமா?" சொன்னேன். "சரி, நானும் அப்படியே சொல்லிக்கறேன்."

நவம்பர் 8, சனி

மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர்.

செல்வி தோசை வார்த்துக்கொண்டே தம்பியைத் திட்டுகிறாள். "அவ்வளவு பேரு பாக்கறாங்க, தெரியலன்னா மாமாவுக்கு ஒரு ஃபோன் பண்ணா கொறஞ்சா போயிடும்? எல்லாம் திமிரு." இரண்டு தோசையோடு எழுந்துவிட்டேன். ஒடம்பு சரியில்லையா என்றாள். ஆமாம் என்றேன். பொய் குட்டி போடுகிறது.

நாளை என் குரல் டிவியில் வரும். அதற்குள் நானே சொல்லிவிட வேண்டும். சொல்ல வாயெடுத்தேன், கரண்ட் போயிற்று. அதையே சாக்காக்கிக்கொண்டேன்.

நவம்பர் 9, ஞாயிறு

சிதம்பரம். செல்வியும் நானும் பஸ்ஸில் நின்றுகொண்டே. வடக்கு வீதியில் அத்தை வீடு நிறைய ஆள், பக்கத்து வீட்டுக்காரர்கள் வேறு. அத்தை இட்லிக்குக் கொத்சு செய்திருந்தார். டிவிக்கு நேராக எனக்கு நாற்காலி, மாப்பிள்ளை மரியாதை. வேலு கதவோரம் நின்றான்.

அந்தக் கேள்வி வந்தது. திரையில் வேலு நெற்றியைத் தேய்த்தான். விளம்பரம். திரும்பி வந்தபோது "தமிழ்நாடு" என்று சொல்லிக்கொண்டிருந்தான். ஃபோன் பேசியதை வெட்டிவிட்டார்கள்.

சந்தோஷப்பட்டேன். அதை எழுதத்தான் வெட்கமாக இருக்கிறது.

"நீங்களாவது எடுத்து சொல்லுங்க மாப்ள," என்றார் அத்தை. "தெரியலன்னா தெரிஞ்சவங்கள கேக்கணும்னு. நாங்க சொன்னா அவன் எங்க கேக்கறான்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வேலுவும்.

"சொல்றேன் அத்த" என்றேன்.

அவன் முகத்தில் கொஞ்சம் கோபம் இருந்திருந்தால் தேவலை. "சாப்புடுங்க மாமா, ஆறிப்போவுது" என்றான்.

நவம்பர் 10, திங்கள்

நல்ல வெயில். இன்சுலின் வந்தது.

மதியம் சாப்பாட்டில் செல்வியிடம் சொல்லிவிட்டேன், எல்லாவற்றையும். ரசம் ஊற்றிக்கொண்டிருந்தவள் கரண்டியை வைத்தாள். கத்துவாள் என்று காத்திருந்தேன். ஃபோனை எடுத்தாள், ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஏன்டா எங்கிட்ட சொல்லல? இத்தன நாளா ஒன்ன வாய்க்கு வந்தபடி பேசிட்டிருக்கேன்."

"என்னத் திட்டினா ரெண்டு நாள்ல மறந்துடுவ. மாமான்னா எல்லாரும் கேலி பண்ணுவாங்கக்கா. அம்மாவுக்கு அவரு சொல்றது வேதவாக்கு."

செல்வி என் பக்கம் நீட்டினாள். "பேசுங்க."

மன்னிப்புக் கேட்கத்தான் வாங்கினேன். "மச்சான்" என்றேன். "உலகத்துலயே ரெண்டாவதுன்னுதான எல்லாரும் சொல்றாங்க." இதுதான் வந்தது வாயில்.

"ஆமா மாமா," என்றான். "சின்ன வயசுல படகுல கூட்டிட்டுப் போயி எனக்கு மொதமொதல்ல சொன்னதே நீங்கதான."

ஃபோனை அவளிடமே கொடுத்துவிட்டேன்.

செய்ய வேண்டியவை: ஷட்டருக்கு எண்ணெய். அத்தையிடம் சொல்வது.