சுபாவுக்கு இன்னா குடுத்த?

கரியாலூர்
21-8-87

என் அன்பு மாமாவுக்கு,

உங்கள் செவ்வந்தி எழுதுகிறேன். மலையில் மழை பிடித்துக்கொண்டது. துவைத்த துணி காயவே மாட்டேன் என்கிறது. ஊருக்குப் போயிருந்த பள்ளிக்கூடப் பிள்ளைகள் சாமை விதைப்பு முடிந்து திரும்பிவிட்டார்கள். ஹாஸ்டல் நிறைந்து, என் தொண்டை கட்டிவிட்டது.

உங்கள் மகள் சுபாவுக்கு ஆறு மாதம் முடிந்துவிட்டது. நர்சு சாலம்மாள் வந்து, "இனிமே பால் மட்டும் பத்தாது டீச்சர், சோறு மசிச்சுக் குடுக்க ஆரம்பிங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். நானும் குழைய வடித்து, விரலால் மசித்து, ஆற வைத்து எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால், மகாராணி வாயைத் திறக்கவில்லை. போன மாதம் திருநாவலூர் கோயிலில் நீங்கள் மடியில் வைத்துப் பொங்கல் ஊட்டியபோது நக்கி நக்கித் தின்றவள்தான். இப்போது உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு என்னை முறைக்கிறாள். முறைப்பு அப்படியே உங்கள் முறைப்பு.

இரண்டு நாளில் சரியாகிவிடும். கவலைப்பட வேண்டாம். ஓட்டலில் எண்ணெய்ச் சட்டி பக்கம் கவனமாக நில்லுங்கள்.

உங்கள்,
செவ்வந்தி

உளுந்தூர்பேட்டை
27-8-87

அன்புள்ள செவ்வந்திக்கு,

உன் மாமன் கொளஞ்சியப்பன். இங்கே அடுப்பு எரிகிறது, நான் வேகிறேன், மற்றபடி சுகம்.

கவலைப்பட வேண்டாம் என்று நீ எழுதினால் நான் படாமல் இருப்பேனா? கடிதம் வந்த அன்றைக்கு சாம்பாரில் உப்பை இரண்டு தடவை போட்டுவிட்டேன். முதலாளி சுப்புராயன் ஒரு வாய் வைத்துவிட்டு, "இன்னா மாஸ்டர், கடல் தண்ணியா ஊத்திக்கினு கீற?" என்று கேட்டார். ஊருக்கெல்லாம் வடித்துக் கொட்டுகிறவனுக்குச் சொந்தப் பிள்ளைக்கு ஒரு கரண்டி மசிக்க வழி தெரியவில்லை, போ.

அதனால் சாப்பிட வருகிற லாரிக்காரர்களையெல்லாம் பிடித்துக்கொண்டேன். இலை போடும்போதே கேட்டுவிடுவது: "ஒங்க பிள்ளைக்கு மொதமொதல்ல இன்னாங்க குடுத்தீங்க?" முதலில் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். அப்புறம் நிறுத்தவே முடியவில்லை. நாமக்கல்காரர் ஒருவர் பருப்புத் தண்ணீர் என்கிறார். மதுரைக்காரர் இட்லியைப் பாலில் கரைத்துக் கொடுத்தால்தான் பிள்ளை தேறும் என்று சத்தியம் செய்கிறார். ஆந்திராவிலிருந்து மிளகாய் ஏற்றி வந்த ஒருவர் நெய் நெய் என்று நெய்யைத் தவிர வேறொன்றும் சொல்லவில்லை. முதலாளி சம்சாரம் கடையில் விற்கிற டப்பா மாவு வாங்கு என்கிறாள். ஒருவர் மட்டும், "தெரியாதுப்பா, நான் வூட்டுக்குப் போவறப்பல்லாம் அது தூங்கிக்கினு இருக்கும்" என்று சொல்லிவிட்டுக் குனிந்து சாப்பிட்டார். அவருக்கு ஒரு அப்பளம் கூட வைத்தேன்.

இப்போது என் கேள்விகள். சோற்றில் உப்பு போடலாமா? பல் இல்லாமல் எப்படி விழுங்குவாள்? நடுவில் தண்ணீர் கொடுக்க வேண்டுமா? அங்கேதான் நல்ல தேன் கிடைக்குமே, நாக்கில் தடவினால் என்ன? வயிறு சரியாகப் போகிறதா? எல்லாவற்றுக்கும் பதில் வேண்டும். நம் கடை இட்லி ஒரு பொட்டலம் கண்டக்டர் கையில் கொடுத்து அனுப்புகிறேன், பாலில் கரைத்துப் பார்.

உன்,
கொளஞ்சியப்பன்

கரியாலூர்
2-9-87

அன்பு மாமாவுக்கு,

உங்கள் இட்லி வந்து சேர்ந்தது. உளுந்தூர்பேட்டையில் பஸ் ஏறி, கள்ளக்குறிச்சியில் மாறி, மலையும் ஏறி வந்த இட்லியை ஹாஸ்டல் சமையல்கார ஆயம்மாள் பிரித்து முகர்ந்து பார்த்தாள். "டீச்சர், இத்த நாயிக்குப் போட்டா அது நம்ம மேல கேஸ் போட்டுடும்" என்றாள். இனிமேல் தயவுசெய்து இட்லிக்கு டிக்கெட் எடுக்காதீர்கள்.

கேள்விகளுக்குப் பதில். உப்பு இப்போது வேண்டாம் என்கிறாள் நர்சு. தேன் ஒரு வயது ஆகட்டும் என்கிறாள். பல் இல்லாவிட்டாலும் ஈறாலேயே அரைப்பார்களாம். தண்ணீர், காய்ச்சி ஆற வைத்துப் பாலாடையில் கொஞ்சம் ஊற்றிக் கொடுக்கிறேன். வயிறு சரியாகத்தான் போகிறது.

ஆனால் உள்ளே ஒன்றும் போகவில்லை மாமா. பருப்புத் தண்ணீரைத் துப்பினாள். கேழ்வரகுப் பால் காய்ச்சினேன், அது என் புடவைக்குப் போயிற்று. நெய்ச்சோறு, வாழைப்பழம் எல்லாம் ஆயிற்று. இப்போது கிண்ணத்தைக் கண்டாலே கையால் வாயை மூடிக்கொள்கிறாள். உரம் விழுந்து எங்காவது பிடித்துக்கொண்டிருக்கும் என்று ஆயம்மாள் புடவையில் போட்டு உருட்டினாள். அதற்கு நன்றாகச் சிரித்தாள், சோற்றுக்கு மட்டும் அழுகை.

நேற்று சாலம்மாள் தராசில் தொங்கவிட்டுப் பார்த்தாள். போன மாதத்துக்கு இந்த மாதம் எடை ஏறவே இல்லை. "அடுத்த மொறையும் இப்டியே இருந்தா, கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கி இட்டுக்கினு போயிடணும் டீச்சர்" என்றாள். எனக்கும் பால் குறைந்துகொண்டே வருகிறது. யாரிடம் சொல்வது, உங்களிடம்தான் சொல்கிறேன். பயமாக இருக்கிறது.

உங்கள்,
செவ்வந்தி

உளுந்தூர்பேட்டை
9-9-87

செவ்வந்திக்கு,

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்குக் கை கால் ஓடவில்லை. இனி லாரிக்காரன் சொன்னான், நர்சு சொன்னாள் என்று பேசிக்கொண்டிருக்க நேரமில்லை. வேலை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு இறங்கி வந்துவிடு. அந்தக் குளிரில், ஒற்றை ஆளாக, பள்ளிக்கூடத்தையும் பார்த்துப் பிள்ளையையும் பார்க்க உன்னால் முடியாது. அத்தை மகளாச்சே, படித்தவளாச்சே என்று நானும் இத்தனை நாள் ஒன்றும் சொல்லவில்லை. இங்கே வந்தால் ஆஸ்பத்திரி பக்கம், நான் பக்கம்.

பிள்ளையைவிட வேலை பெரிதா?

கொளஞ்சியப்பன்

கரியாலூர்
14-9-87

மாமாவுக்கு,

பிள்ளையைவிட வேலை பெரிதா என்று கேட்க உங்களுக்கு எப்படி மனசு வந்தது?

என் நாளைச் சொல்கிறேன், கேளுங்கள். விடிந்ததும் பருப்பும் சோறும் குழைய வைத்து மசிக்கிறேன். மடியில் போட்டுக்கொண்டு கெஞ்சுகிறேன். மணி அடித்துவிடும், ஆயம்மாளிடம் விட்டுவிட்டு ஓடுகிறேன். மத்தியானம் ஓடி வந்து மறுபடியும் கெஞ்சல். சாயங்காலம் காக்கா, குருவி, நிலா எல்லாவற்றையும் கூப்பிட்டுப் பாடிப் பார்க்கிறேன். கடைசியில் அவள் விட்டதை வழித்து வாயில் போட்டுக்கொண்டு கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் படுக்கிறேன். இதில் எந்த நேரம் வேலை பெரிதாக இருந்தது, நீங்களே சொல்லுங்கள்.

எனக்கு முன்னால் இந்தப் பள்ளிக்கூடத்தில் பெண் வாத்தியார் கிடையாது. வயதுக்கு வந்ததும் பெண்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். என் வகுப்பில் பூமாலை என்று ஒருத்தி. அவள் அப்பா போன வருஷம் அழைத்துப் போக வந்தவர், என்னைப் பார்த்துவிட்டு, "டீச்சரம்மா கீறாங்கன்னா இருக்கட்டும்" என்று விட்டுவிட்டுப் போனார். நான் இறங்கினால் அந்தப் பெண்ணும் இறங்கிவிடுவாள்.

சுபாவுக்கு வேண்டியிருந்தால் நானே எழுதிக் கொடுப்பேன். நீங்கள் அதட்டித்தான் என் பிள்ளைமேல் எனக்குப் பாசம் வர வேண்டுமா?

செவ்வந்தி

உளுந்தூர்பேட்டை
25-9-87

என் கண்ணு செவ்வந்திக்கு,

உன் கோபம் மறியலுக்கு முந்தின நாள் கைக்கு வந்தது. சூட்டோடு சூடாகப் பதில் எழுதிவிட்டேன். நல்லவேளை, அனுப்ப முடியவில்லை. இடஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் ரோட்டை மறித்துவிட்டார்கள். மரங்களை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். பஸ் இல்லை, தபால் இல்லை. நம் ஊர்ப் பையன்கள் பாதிப் பேர் ரோட்டில்தான். என் தம்பி ராசுவும் போனான், பத்திரமாக வந்துவிட்டான். எல்லா வீட்டுப் பையன்களும் அப்படித் திரும்பி வரவில்லை. அதை எழுத எனக்குக் கை வரவில்லை.

எழுதி வைத்திருந்த பதிலைக் கிழித்துப் போட்டுவிட்டேன். ஏன் என்று சொல்கிறேன்.

கடை வாசலில் பஸ்ஸும் லாரியுமாக மாட்டிக்கொண்டு நின்றன. சோறு போய்க் கஞ்சியாயிற்று. முதலாளி, "கணக்குப் பாக்காத மாஸ்டர், ஊத்து" என்று சொல்லிவிட்டார். மெட்ராஸ் போகிற பஸ்ஸில் ஒரு பெண், கையில் நம் சுபா வயதில் ஒரு பிள்ளை. கஞ்சி கொடுத்தேன். ஆற்றி ஆற்றிப் பிள்ளைக்கு ஊட்டப் பார்த்தாள். அது வாயைத் திறக்கவில்லை. கஞ்சியை அப்படியே மூடி வைத்துக்கொண்டாள், தான் ஒரு மடக்கும் குடிக்கவில்லை. பஸ் எப்போது கிளம்புமோ, பிள்ளைக்கு வேண்டுமே என்று. மறுவேளையும் அப்படியே.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "யம்மா, மொதல்ல நீ சாப்புடு. அதுக்குத் தனியாக் கீது, ஒனக்குத் தனியா ஊத்தறேன்" என்று கூப்பிட்டு உட்கார வைத்தேன். அவள் குடிக்க ஆரம்பித்தாள். அவ்வளவு பசி. மடியில் இருந்த பிள்ளை அவள் கையைப் பார்த்தது, வாயைப் பார்த்தது. அதுவும் சும்மா வாயை மென்றது. அப்புறம் முழுக் கையையும் அவள் தட்டில் விட்டு எடுத்து வாயில் வைத்துக்கொண்டது. வேலை நடக்கிற இடம் என்றும் பார்க்காமல் நான் சந்தோஷத்தில் கத்தியே விட்டேன். அந்தப் பெண் அழுதுகொண்டே குடித்தாள்.

அன்றைக்கு உன் கடிதங்களையெல்லாம் எடுத்துப் படித்தேன். பிள்ளைக்குப் பருப்பு, பிள்ளைக்குக் கேழ்வரகு, பிள்ளைக்கு வாழைப்பழம். நீ என்ன தின்றாய் என்று ஒரு வரி கிடையாது. விட்டதை வழித்துப் போட்டுக்கொண்டாயாம்! அடிப்பாவி, அப்புறம் பால் ஏன் குறையாது? நானாவது கேட்டேனா? சுபாவுக்கு இன்னா குடுத்த, இன்னா குடுத்த என்று அதையேதான் கேட்டிருக்கிறேன். பசியோடு வருகிற ஆளை வாசற்படியிலேயே தெரியும் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொள்கிறவன், கட்டினவள் பட்டினி கிடப்பது தெரியாமல் அதட்டியிருக்கிறேன். மன்னித்துவிடு.

நீ இறங்கி வர வேண்டாம். ஒன்றே ஒன்று செய். ஒரு தட்டு நிறையச் சோறு போட்டுக்கொண்டு அவளை மடியில் வைத்துக்கொள். ஊட்டாதே, கெஞ்சாதே, நிலாவைக் கூப்பிடாதே. நீ சாப்பிடு. வயிறாரச் சாப்பிடு.

உன்,
கொளஞ்சியப்பன்

கரியாலூர்
10-10-87

என் அன்பு மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் சிரித்தேன். அப்புறம் கதவைச் சாத்திக்கொண்டு அழுது தீர்த்தேன். ஒரு ஆளுக்காக உலை வைக்க மனசே வரவில்லை மாமா. அவ்வளவுதான் விஷயம். வெட்கத்தால் எழுதவில்லை.

மறுநாள் மத்தியானம் சுபாவைத் தூக்கிக்கொண்டு ஹாஸ்டல் பந்தியில் போய் உட்கார்ந்தேன். ஆயம்மாள் ஒன்றும் கேட்காமல் தட்டு நிறையச் சாமைச் சோறு போட்டு மொச்சைக் குழம்பை ஊற்றினாள். எனக்கே தெரியவில்லை எவ்வளவு பசியென்று. இரண்டாவது தடவை வாங்கிச் சாப்பிட்டேன். சுபா முதல் நாள் எல்லார் வாயையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். அடுத்த நாளும் வேடிக்கைதான். அதற்கும் மறுநாள் என் தட்டில் கையை விட்டாள். குழம்பு காரம், முகம் கோணிற்று, நான் பயந்துவிட்டேன். அவளோ மறுபடியும் கையை விட்டாள்! பூமாலை ஓடிப்போய் வெறும் சோற்றைப் பாலில் மசித்துக்கொண்டு வந்து என் தட்டின் ஓரத்தில் வைத்தாள். அள்ளி, சிந்தி, மூக்கில் காதில் அப்பி, தின்றுவிட்டாள் மாமா! பந்தியில் இருந்த பிள்ளைகள் எல்லாம் கையைத் தட்டினார்கள். இப்போது கிண்ணத்தில் கொடுத்தால் வேண்டாம், என் தட்டில்தான் வேண்டும். எனக்கு எடுத்துப் போட்டுக்கொள்ள இடம் இல்லை.

நேற்று சாலம்மாள் தராசில் போட்டாள். "ஏறிக்கீது டீச்சர், ஆஸ்பத்திரிலாம் வேணாம்" என்றாள். எனக்கும் பால் தேறியிருக்கிறது.

நீங்கள் என்னைக் கேட்டுவிட்டீர்கள். நான் உங்களைக் கேட்கவே இல்லை. அங்கே எல்லாரும் சாப்பிட்டுப் போன பிறகு நீங்கள் எப்போது சாப்பிடுகிறீர்கள்? யாரோடு சாப்பிடுகிறீர்கள்? பொய் எழுதினால் எனக்குத் தெரிந்துவிடும்.

உங்கள்,
செவ்வந்தி

உளுந்தூர்பேட்டை
14-10-87

என் உயிர் செவ்வந்திக்கு,

உன் கடிதத்தைக் கடையில் உரக்கப் படித்துக் காட்டினேன். முதலாளி கல்லாவை விட்டு எழுந்து வந்து எல்லா மேசைக்கும் கேசரி வைக்கச் சொன்னார்.

உன் கேள்விக்குப் பதில். கடையைக் கட்டி, அடுப்பை அணைத்த பிறகு, மிச்சம் இருந்தால் நின்றுகொண்டே சாப்பிடுவேன். இல்லாவிட்டால் ஒரு டீ. யாரோடும் இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உன்னை வேலையை விடச் சொன்னது பிள்ளைக்காக என்றுதான் நானே நினைத்துக்கொண்டிருந்தேன். பிள்ளைக்காக மட்டும் இல்லை. உங்கள் இருவரையும் விட்டுவிட்டு எனக்கு இங்கே இருக்க முடியவில்லை. ஆம்பிளை அதை எப்படிச் சொல்வது என்று சுபா பேரைச் சொல்லி உன்னை அதட்டினேன்.

நீ வேலையை விட வேண்டாம். நான் விட்டுவிட்டேன்.

"மலை மேல போயி இன்னாய்யா பண்ணுவ?" என்று முதலாளி கேட்டார். "பஸ் திரும்பற எடத்துல ஒரு அடுப்பு போடறேங்க. டிரைவரு, கண்டக்டரு ரெண்டு பேராவது சாப்ட மாட்டாங்களா?" என்றேன். ஓடுமோ ஓடாதோ எனக்கும் தெரியாது. ஓடாவிட்டால் நீ திட்டுவாய், வாங்கிக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியான பஸ்ஸில் வருகிறேன். மழையில் பஸ் தாமதமானால் எனக்காகப் பசியோடு காத்துக்கொண்டிருக்காதே. நீயும் சுபாவும் நேரத்துக்குச் சாப்பிட்டுவிடுங்கள். நான் வந்ததும் எனக்குச் சோறு போட்டுவிட்டு, பிள்ளையோடு கொஞ்ச நேரம் எதிரில் உட்கார்ந்திரு, போதும்.

உன்,
கொளஞ்சியப்பன்